சுவரேறிய ஓதம்: வடசென்னையின் பழைய தேவாலயம் ஒன்றில் நடந்த பழுதுபார்ப்பு

வடசென்னையில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட ஒரு சபைக் கோயிலில் ஓதத்தை, அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை, நிறுத்த நடந்த பணியின் பதிவு இது. கோயிலின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். கட்டடப் பொறியாளன் என்ற முறையில் பழுதுபார்ப்புக் குழுவில் முதல் நாளிலிருந்து இருந்தேன். நாங்கள் ஒரே சுவருக்கு இரண்டு முறை செலவு செய்தோம். பழைய கோயில் வைத்திருக்கும் வேறு சபைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பின்னணி

சென்னையின் பழைய தேவாலயங்கள் எல்லாம் ஒரே மாதிரியாகக் கட்டப்பட்டவை அல்ல. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1678இல் தொடங்கி 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டியது. வெளிச்சுவர் 4 அடி கனம். கூரை முழுக்கச் செங்கல் வளைவு. கதவு, ஜன்னல் தவிர மரமே இல்லை.

நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து ஊர் கோட்டைக்கு வெளியே பரவியபோது வேறு வகைக் கோயில்கள் எழுந்தன. 1815-16இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயமும், 1821இல் முடிந்த எழும்பூர்ப் புனித அந்திரேயா கோயிலும் அந்த வகை. முன்னால் உயர்ந்த தூண்கள் தாங்கும் முகமண்டபம், அதன் தலைக்கு மேல் எழும் கூர்கோபுரம் என்ற அமைப்பு லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1720களில் கட்டிய புனித மார்ட்டின் கோயிலிலிருந்து வந்தது. அவர் அச்சிட்ட வரைபடங்கள் கடல் தாண்டிப் போன இடத்திலெல்லாம் இந்த முகப்பும் போயிற்று.

வரைபடம் லண்டனுடையது என்றாலும் மண் சென்னையுடையது. எழும்பூர்க் கோயிலைக் கட்டிய மேஜர் டி ஹாவிலாண்ட் அந்த இளகிய ஈர நிலத்தில் நேராக அஸ்திவாரம் போடவில்லை. கிணறுகள் இறக்கி, அவற்றின் மேல் கோயிலை நிறுத்தினார். கட்டும் முன்பே தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். இதை அப்போதே நான் மனத்தில் வைத்திருந்தால் பின்னால் வந்த தவறுகளில் பாதியாவது குறைந்திருக்கும்.

நான் சொல்லும் கோயில் இவற்றுக்கெல்லாம் சின்னத் தங்கை. முகப்பில் நான்கு தஸ்கன் (அலங்காரம் குறைந்த எளிய ஐரோப்பிய பாணி) தூண்கள், மேலே ஒரு மணிக்கூண்டு, உள்ளே ஒரே நீண்ட கூடம், கிழக்கில் பீடம். இரண்டரை அடிச் செங்கல் சுவர், முழுக்கச் சுண்ணாம்புக் கலவை. கூரை, நம் ஊரில் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வகை: தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மூலைவாட்டில் நெருக்கி நிறுத்திய சின்னச் செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பில் குழைத்து இடித்த செங்கல் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு.

உள்சுவரில் ஒரு காலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பில் மெழுகிய பூச்சு இருந்தது. சங்குபோல வழவழவென்று இருக்கும் அந்தப் பூச்சை, அந்நாளில் சென்னைக்கு வந்த வெளிநாட்டார் பளிங்கு என்றே நினைத்தார்கள். இப்போது மணிக்கூண்டுப் படிக்கட்டு ஓரத்தில் இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் அது மிச்சம். கை வைத்தால் கோடையிலும் குளிர்ந்திருக்கும்.

முதலில் கண்டது

2015 டிசம்பர் வெள்ளத்தில் வளாகத்துக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கோயிலுக்குள் ஏறவில்லை. ஆனால் அடுத்த கோடையில், தெரு காய்ந்து புழுதி பறந்த மே மாதத்தில், உள்சுவர் ஈரமாக இருந்தது. வெள்ளத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுவரின் கீழ் 4 அடிக்குக் கிரானைட் பதித்திருந்தார்கள். அந்தக் கிரானைட்டுக்கு மேலே, 7 அடி உயரம்வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினால் பெயின்டோடு வெள்ளைப் பொடி உதிரும். பீடத்தின் வடபக்கச் சுவரில் செங்கலே மாவாகிக் கொண்டிருந்தது.

சபைக் கமிட்டி ஒரு ஒப்பந்ததாரரை அழைத்தது. கொப்புளம் வந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்தடுப்பு ரசாயனம் கலந்த சிமென்ட் பூச்சு, 8 அடிவரை புதுக் கிரானைட் என்று மதிப்பீடு தந்தார். கமிட்டியும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டது. நானும் எதிர்க்கவில்லை. விலை சரியா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அன்று கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்), தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறையாக அந்த மணியை அடிப்பவர்கள்.

“சார், கல்லு பதிக்கிறதுக்கு முன்னாடி ஓதம் இடுப்பளவுதான் சார். கல்லு பதிச்சப்புறம் தலைக்கு மேல போயிடுச்சு. இப்ப எட்டடிக்குப் பதிச்சா அது எங்க போவும்?”

யாரும் பதில் சொல்லவில்லை. ஆயர் மட்டும், “ஒரு மாசம் பொறுப்போம்” என்றார். அந்த ஒரு மாசம் மூன்று வருடமானது வேறு கதை. ஆனால் அந்தச் சொல்தான் கோயிலைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

தூண் காட்டிய கணக்கு

கூரை ஒழுகுகிறதா, குழாய் உடைந்திருக்கிறதா, காற்றின் ஈரம் படிகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்பதைப் பிரித்துப் பார்ப்பது முதல் வேலை. சுவரில் ஆறு இடங்களில் ஒரு சாண் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டோம். ஆறிலும் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தது, வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. ஆக, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உயரே போகப்போக ஈரம் குறைந்ததால், கீழிருந்து ஏறுகிறது என்பதும் உறுதியானது.

ஆனால் ஏன் இப்போது? 150 வருடத்துக்கு மேல் இடுப்பளவில் நின்ற ஓதம் திடீரென்று ஏற என்ன காரணம்?

விடை முகப்புத் தூணில் கிடைத்தது. அந்தத் தூண்கள் கொஞ்சம் குட்டையாக இருக்கின்றன என்று எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல். தஸ்கன் தூணுக்கு ஒரு கணக்கு உண்டு: அடித்தளமும் தலைப்பும் சேர்த்து, உயரம் தடிமனைப்போல் ஏழு மடங்கு. இங்கே தடிமன் 2 அடி. உயரம் 14 அடி இருக்க வேண்டும். அளந்தால் பதின்மூன்றரை. தூணின் அடியில் இருக்க வேண்டிய சதுரப் பீடத்தையும் காணோம், வட்ட வளையம் நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தது. முகமண்டபத்தில் பழைய கடப்பைக் கல்லின் மேலேயே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டியதில் அந்த அரையடி புதைந்துபோயிருந்தது.

அடுத்த சான்று ஒரு கலியாணப் படம். சபையின் மூத்த அம்மா ஒருவர், 1960களில் முகப்புப் படியில் எடுத்த தம் குடும்பப் படத்தைக் கொண்டுவந்தார். மணமக்களையும் சுற்றத்தையும் விட்டுவிட்டுப் படிகளை எண்ணினோம். ஆறு. இன்று வாசலில் இருப்பவை மூன்று. ஒவ்வொரு படியும் அரையடி. மண்டபத் தரை உயர்ந்த அரையடியையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளாகத்தின் தரை ஏறக்குறைய 2 அடி மேலே வந்திருந்தது. தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டுக்கொண்டே வந்தார்கள். தெருத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சபையும் மண்ணடித்து வளாகத்தை உயர்த்திக்கொண்டே வந்தது. கடைசியாக, வண்டி நிறுத்தவும் அசன விருந்துக்குப் பந்தி போடவும் வசதியாக, சுவரை ஒட்டி முழுக்கச் சிமென்ட் தளம் போட்டுவிட்டோம்.

வடக்குச் சுவரருகில் ஒரு குழி வெட்டிப் பார்த்தோம். இன்றைய தரைக்கு அரையடிக் கீழே, நேர்த்தியாகச் செதுக்கிய கருங்கல் வரிசையின் மேல்விளிம்பு தெரிந்தது. அதைத் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று கட்டியவர்கள், தரைக்கு மேல் ஒன்றரை அடிக்குக் கருங்கல் வைத்து, அதன் மேல்தான் செங்கலைத் தொடங்கியிருக்கிறார்கள். ஈரத்தை நிறுத்தத்தான் அந்தக் கல் வரிசை. நாங்கள் அதையும் புதைத்து, அதற்கு மேலும் அரையடிக்கு மண்ணைச் செங்கல்மேல் சாய்த்து வைத்திருந்தோம். செங்கல் ஈரமண்ணிலிருந்து நேராகத் தண்ணீர் குடித்துக் கொண்டிருந்தது. வெளியே சிமென்ட் தளம், உள்ளே கிரானைட், அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட். குடித்த தண்ணீர் ஆவியாகிப் போக வழியே இல்லை. வழி கிடைக்கும் உயரம்வரை ஏறி, அங்கே உப்பைக் கக்கியது. அந்த உப்புதான் பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளித் தள்ளிச் செங்கலை மாவாக்கியது.

முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்றார் கோயில்பிள்ளை. சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும் என்று பெண்கள் குறைப்பட்டதால்தான் பெயின்டுக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு நல்ல எண்ணம் தவிர வேறு காரணமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டைக் கமிட்டி கைவிட்டது. பதிலாக மூன்று முடிவுகள்: தரையை இறக்குவது, சுவரிலிருந்து சிமென்டையும் கிரானைட்டையும் நீக்குவது, சுண்ணாம்புக்குத் திரும்புவது.

முதல் முடிவே சிக்கலானது. பழைய மட்டத்துக்கு முழு 2 அடி இறக்கினால் தெருவின் மழைநீர்க் கால்வாய் நமக்கு மேலே போய்விடும், தெருத்தண்ணீர் உள்ளே பாயும். சென்னையின் ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்தைத் தாங்காத எந்தத் திட்டமும் பயனில்லை. அதனால் சுவரைச் சுற்றி 4 அடி அகலத்துக்கு மட்டும் 1 அடி இறக்கினோம். கருங்கல் வரிசையில் அரையடி வெளியே தெரிந்தால் போதும், செங்கல் மண்ணைத் தொடாது. இறக்கிய பட்டையில் இடைவெளிவிட்டுக் கற்களைப் பரப்பி, தென்கிழக்கு மூலையில் கட்டடத்திலிருந்து விலகி ஒரு சேகரிப்புத் தொட்டி, அதிலிருந்து தெருக் கால்வாய்க்கு மோட்டார். வளாகத்துப் பழைய கிணற்றுக்குள் மழைநீரை விடலாம் என்று ஒரு கருத்தும் வந்தது. கிணறு சுவருக்கு மிக அருகில் இருந்ததால் வேண்டாம் என்றேன்.

தெற்குப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. அங்கே வண்டி நிறுத்துமிடம். அதை விட்டுத்தரப் பலருக்கு மனமில்லை. இந்தச் சமரசத்தின் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

கிரானைட்டை எடுப்பதுதான் மனிதர்களை நோகடித்தது. அதைப் பதித்துத் தந்தவர் சபையின் ஒரு விதவைத் தாய். மறைந்த கணவரின் நினைவாகத் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கொடுத்தது. முடிவை எடுத்தபிறகு போய்ச் சொன்னோம். அதுவே பிழை.

“தம்பி, அவர் பேர்ல வச்ச கல்லால கோயிலுக்குக் கெடுதின்னு சொல்றீங்க. இதை நான் எப்படித் தாங்குவேன்?”

நான் என்ன சொல்லியும் ஆறவில்லை. இரண்டாவது முறை ஆயரும் கோயில்பிள்ளையும் போனார்கள். மூன்றாவது முறை அவரே கோயிலுக்கு வந்தார். ஒரே ஒரு கிரானைட் பலகையைப் பெயர்த்து, பின்னால் ஈரக்களியாகக் கிடந்த செங்கலைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, “எடுத்துருங்க அந்தக் கல்லை” என்று கோயில்பிள்ளையிடம் சொன்னார். பெயர்த்த கல்லைக்கொண்டு முற்றத்து வேப்பமரத்தடியில் திண்ணை கட்டினோம். அவர் கணவர் பெயர் அதில் இருக்கிறது.

பணி நடந்தபோது

வடசுவரின் ஒரு பகுதியை முதலில் சோதனையாக எடுத்துக்கொண்டோம். சிமென்ட் பூச்சை உளியால் மெதுவாகத் தட்டி நீக்கியபோது, யாரும் அறியாத ஓர் அரைவட்ட வளைவு வெளிப்பட்டது. வளைவின் செங்கல் மெலிதாகவும் அகலமாகவும் இருந்தது. அதை அடைத்த செங்கல் தடித்தது, பிற்காலத்தது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வாசலும், அதற்கு வெளியே நிழல் தாழ்வாரமும் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. வெளிச்சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாக அடைபட்ட உத்தரப் பொந்துகள் அதற்குத் துணை நிற்கின்றன. இளைஞர்கள் திறந்துவிடலாம் என்றார்கள். அடைப்பு மேற்கூரையின் சுமையில் எவ்வளவு தாங்குகிறது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டேன். பூச்சில் அரை அங்குலம் உள்வாங்க விட்டு, வளைவின் கோடு தெரியும்படி வைத்தோம்.

சுண்ணாம்பு வேலைக்குச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து ஒரு வயதான கொத்தனார் வந்தார். வந்ததும் சுவரில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு இன்னும் கரிக்குது. ஒரு வருசம் சும்மா விடுங்கய்யா” என்றார்.

நாங்கள் விடவில்லை. அறுப்பின் பண்டிகைக்குள் சோதனைப் பகுதியை முடித்துக்காட்ட வேண்டும் என்று கமிட்டிக்கு அவசரம். அதற்கு நானும் துணைபோனேன். நீற்றிய சுண்ணாம்பைப் பல வாரம் புளிக்க விடாமல் நாலே நாளில் கலந்தோம். சுவர் காய்ந்தது இரண்டு மாதம்தான். பண்டிகையன்று பார்க்க அழகாக இருந்தது. மழைக்காலம் முடியுமுன் பூச்சில் சின்னச் சின்னக் குழிகள் வெடித்தன. நீறாத சுண்ணாம்புக் கட்டிகள் உள்ளேயே நீறிப் பொரிந்ததன் விளைவு அது. தை பிறக்கும்போது உப்பும் பூத்துவிட்டது. முழுப் பகுதியையும் கொத்தி எடுத்தோம். அந்தச் செலவுக்கு முழுப்பொறுப்பு என்னுடையது.

இரண்டாம் முறை கொத்தனார் சொன்னபடி நடந்தது. முதலில், சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து மெல்லியதாக ஒரு பலிப் பூச்சு. அது சுவரின் உப்பை உறிஞ்சும். ஒரு வருடம் கழித்து அதைச் சுரண்டி எறிந்துவிட வேண்டும். அதற்குள் தொட்டியில் சுண்ணாம்பு தண்ணீரடியில் கிடந்து வெண்ணெய் பதத்துக்கு வந்திருந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் கலவை குழைத்து, இரண்டு கைப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பழையபடி சட்டையில் ஒட்டுகிறது. அறிவிப்பு நேரத்தில் ஆயர் அதைச் சொல்லிவிடுகிறார்.

கூரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமலே புதுத் தட்டோடு ஒட்டியதில் மூன்று அடுக்குச் சேர்ந்திருந்தது. மேலிரண்டையும் நீக்கினோம். வடபக்கத்தில் இரண்டு உத்தரங்களின் நுனி சுவருக்குள் உளுத்திருந்தது. கெட்ட பாகத்தை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு இரும்புத் தகட்டால் இறுக்கினோம். நுனியைச் சுற்றிக் காற்று புகும் இடைவெளி விட்டோம்.

பின்விளைவு

கோயில்பிள்ளை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஓதத்தின் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்துத் தேதி போட்டார். வடசுவரில் 7 அடியிலிருந்த கோடு மூன்று மழைக்காலம் கழிந்தபின் 3 அடிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. முழுதாகப் போகவில்லை. கட்டிய காலத்திலும் முழுதாகப் போயிருக்காது என்பதே என் கணிப்பு. செங்கல் மாவாவது நின்றது. பீடத்தருகே எப்போதும் இருந்த பூஞ்சை வாடையும் போய்விட்டது.

தெற்குச் சுவரில் கோடு இன்னும் 6 அடியில் இருக்கிறது. சிமென்ட் தளமும் வண்டிகளும் அப்படியே இருக்கின்றன.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வடிவமைப்பின் பெரிய ஓட்டை தெரிந்தது. மின்சாரம் போனதும் தொட்டியின் மோட்டார் நின்றது. இறக்கிய பட்டை முழுக்க இரண்டு நாள் தண்ணீர் நின்றது. கருங்கல் வரிசையைத் தாண்டிச் செங்கலையும் நனைத்தது. வாளியால் இறைத்தவர்களில் பாதிப்பேர் அந்தச் சபையைச் சேராத தெருக்காரர்கள். ஆனாலும் அந்த முறை சுவர் வேறுவிதமாக நடந்துகொண்டது. ஜனவரி முடியுமுன் பென்சில் கோடு பழைய 3 அடிக்குத் திரும்பிவிட்டது. 2015க்குப்பின் ஒரு கோடை முழுவதும் காயாத அதே சுவர் இது.

மறுபடி செய்வதானால்

கலவை போடும் தேதியைப் பண்டிகை நாட்காட்டியோடு சேர்க்க மாட்டேன். பூச்சுக்கு முன் ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மழைக்காலமும் சுவரை வெறுமையாக விடுவேன். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதை முதல் ஞாயிறே சபைக்குச் சொல்லிவிட வேண்டும்.

நன்கொடை தந்தவர்களிடம் முடிவெடுத்தபின் போகமாட்டேன். சுவரைத் திறந்து பார்க்கும் முதல் நாளே அவர்களை அழைத்து நிறுத்துவேன்.

தொட்டிக்கு மின்மோட்டாரோடு டீசல் மோட்டார் ஒன்றும் முதலிலேயே வாங்குவேன். இப்போது வாங்கியிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன் மாதமொருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

முதல் ஒப்பந்ததாரரையும் குறை சொல்லமாட்டேன். புதுக் கட்டடத்துக்குச் சரியான மருந்தைத்தான் அவர் எழுதினார். பழைய சுவர் எதைக்கொண்டு கட்டப்பட்டது என்று அவரிடம் சொல்லவேண்டிய பொறியாளன் நான் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தெற்குப் பக்க வண்டி நிறுத்துமிடத்தை எடுப்பது பற்றிக் கமிட்டியில் இருமுறை வாக்கெடுத்து இருமுறையும் தோற்றது. கோயில்பிள்ளை ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது அவர் மகள் பென்சில் கோடு போடுகிறாள். வடசுவருக்கும் தென்சுவருக்கும் தனித்தனி நோட்டு வைத்திருக்கிறாள். அடுத்த வாக்கெடுப்புக்கு இரண்டையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.